ஆயிரத்திலிருந்து ஏழு கழிக்க

1

இந்தக் கதை, அக்கா ஆற்றாமையில் சொன்ன ஒரு வாக்கியத்தில் பிறந்தது: "அவருக்குப் பிரஷராம்டா. நாளெல்லாம் கத்துறது நான், ஏறுனது அவருக்கு!"

அத்தானுக்கு ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் போன் எடுக்கும் வேலை. மறுமுனையில் யார் அலறினாலும் அவர் குரல் அசையாது. அதனால் முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: அவர் ஒரு பாறை, எத்தனை அலைகள் வந்து...

(வேண்டாம். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறும் மனிதர் எப்படிப் பாறையாவார்?)

2

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்த மையத்துக்கு ரத்த அழுத்தத்தை ஆராயும் ஓர் ஆய்வாளர் வந்தார். ஊழியர்கள் கையில் அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றி, ஆயிரத்திலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். தவறினால் மேசையைத் தட்டுவார்: "தப்பு. முதல்லேருந்து."

வேடிக்கை பார்க்கப் போன அக்காவும் உட்கார்ந்தாள். மூன்றாவது தட்டலில், "நீங்க என்ன கணக்கு வாத்தியாரா?" என்று பாய்ந்தாள். அவளுக்குச் சர்ரென்று ஏறிய அழுத்தம் ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டது. அத்தான் சிரித்த முகத்தோடு கழித்தார். அரைமணி ஆகியும் அவருக்கு இறங்கவில்லை.

"இப்போ பயம் இல்ல. வருஷம் ஒருதடவை பாத்துக்குங்க" என்றார் ஆய்வாளர்.

அத்தான் பார்த்துக்கொள்ளவில்லை.

[மன நெருக்கடியில் அழுத்தம் எல்லோருக்கும் ஏறும். இறங்கத் தாமதமாகிறவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாம். வாய்ப்புதான், தலையெழுத்து இல்லை.]

3

போன வாரம் வேலையிலேயே தலைசுற்றிச் சரிந்தார். அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது.

ஒரு முடிவு எழுதினேன்: போனைக் காதில் வைத்தபடியே அவர்... அக்கா படித்துவிட்டாள்.

"கதைக்காக அவரைக் கொன்னுடுவியாடா?"

அந்த முடிவை அடித்தேன். இன்னொன்று எழுதினேன்: மாத்திரை போட்டார், நூறு வயது வாழ்ந்தார்.

"இது பச்சைப் பொய்."

அதையும் அடித்தேன்.

4

இப்போது அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறேன். எதிரே அத்தான் கையில் பட்டை இறுகுகிறது. அக்கா இன்று கத்தவில்லை, மெதுவாகக் கேட்டாள்.

"போனை வச்சப்புறம் மனசுல என்னதான் ஓடும்?"

அத்தான் பட்டையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒரு பொண்ணு. வீடு எங்கேன்னு சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. ஆறு வருஷமாச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தூங்கமாட்டே."

"நீங்க மட்டும் தூங்குனீங்களா?"

கருவியில் எண் தெரிகிறது. நான் அதை எழுதப்போவதில்லை. எவ்வளவு என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அத்தான் மறுபடி பேச வாயெடுக்கிறார், பேனாவை வைத்துவிடுகிறேன்; எழுதிக்கொண்டே கேட்க என்னால்...