மைக்கில் மட்டும் கேட்ட சத்தம்

ஒலிப்பதிவுக்காரன் ஆர்லோவுக்கு அன்று காலையிலேயே நான்கு டேக் பாழ். முதலில் ஒரு விமானம், அப்புறம் ஒரு நாய், பிறகு இரண்டு தடவை மைக் கம்பியில் கரகரப்பு.

"இன்னொரு வாட்டி என் ஷாட்டை நிறுத்தினே, திரும்பி டெலிபோன் கம்பெனிக்கே போய்க் கம்பத்துல ஏறிக்க," என்று இயக்குநர் டன்லப் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். படங்கள் பேச ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒலிப்பதிவுக்காரன் என்றாலே அவருக்கு வேண்டாத விருந்தாளி.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு வெளியே, காய்ந்த மலைச்சரிவில் படப்பிடிப்பு. காட்டில் கூடாரம் போட வந்த பிள்ளைகள் கரடியைக் கண்டு சிதறி ஓட வேண்டும். கரடித் தோலை மாட்டிக்கொண்டு கஸ் பாறைக்குப் பின்னால் காத்திருந்தான். ஆர்லோ மைக்கை ஒரு புதருக்குள் ஒளித்திருந்தான். கரடி உறுமியதும் ஆறு வயது பியூலா ஓடிவந்து அந்தப் புதருக்குள்தான் தலையை நுழைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது டேக். நாற்பது தப்படி தள்ளி நின்ற ஒலிப்பதிவு வண்டிக்குள் கதவை இறுகச் சாத்திக்கொண்டு ஆர்லோ ஹெட்போனை மாட்டினான்.

"லெஸ்டர், கரடி நம்மளத் திங்குமாடா?" என்றாள் பியூலா, கூட நடிக்கும் பையனிடம்.

"உன்னத் தின்னா அதுக்குத்தான் வயித்த வலி."

அப்போது அது கேட்டது. காய்ந்த பட்டாணியைத் தகர டப்பாவில் போட்டு ஆட்டுவது போல. நின்றது. மறுபடியும் கேட்டது.

கம்பியா? இணைப்பை அழுத்திப் பிடித்தான். கரகரப்பு என்றால் அடங்கியிருக்கும். அடங்கவில்லை. வாலை ஆட்டிச் சத்தமெழுப்பும் கிலுகிலுப்பைப் பாம்பு, கடித்தால் ஆளைக் கொல்லும் விஷம்.

பியூலாவுக்கு இன்னும் மூன்று வசனம். அப்புறம் கரடி. வண்டிக்குள் கத்தினால் வெளியே கேட்காது. வெளியே போய்க் கத்தினால் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுமோ. கம்பிக் கோளாறாகவே இருந்துவிட்டால் இன்றோடு வேலை போச்சு. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு ஓடினான்.

பாதி தூரம் போவதற்குள் கஸ் உறுமிவிட்டான். பியூலா கைகளை விரித்துக்கொண்டு புதரை நோக்கிப் பாய்ந்தாள். இரண்டடி இருக்கும்போது ஆர்லோ அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கினான்.

"விடுங்க, நான் அங்கதான் ஒளியணும். டைரக்டர் திட்டுவாரு."

"திட்டட்டும் பாப்பா."

டன்லப் சிவந்த முகத்தோடு வந்தார். வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார். இப்போது அவருக்கும் கேட்டது. கஸ் கூடாரக் கம்பை நீட்டிப் புதரை விலக்கினான். மணிக்கட்டுப் பருமனில் ஒன்று வெளியே வந்து, அவசரமில்லாமல் பாறைகளுக்கிடையில் போனது.

டன்லப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எல்லாரும் சாப்பிடப் போங்க," என்றார். மணி பத்தரைதான்.

பிற்பகலில் மைக்கை மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். ஆர்லோ மறுபடியும் ஹெட்போனை மாட்டினான். சருகு அசைந்ததற்கு ஒரு டேக்கை நிறுத்தினான். லெஸ்டரின் சட்டைப்பையில் கோலி உரசியதற்கு இன்னொன்று. டன்லப், "சரி, திரும்ப எடுப்போம்," என்றதோடு சரி.

புதருக்குப் பதிலாகப் பியூலா இப்போது கூடாரத்துக்குள் ஒளிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து, வாசலில் நின்று, குனிந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் நுழைந்தாள். அப்படிச் செய்யாதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.