வானம் காட்டாத கருவி

மொட்டைமாடியில் கருவிகளைப் பரப்பி வைத்துவிட்டு இருதயமேரியும் வெனிலாவும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். கைக்கு அடக்கமான மஞ்சள் ஜிபிஎஸ் கருவிகள் மல்லாந்து கிடந்தன. கீழே ஷெட்டில் ஈயத்தால் பற்றவைத்து, மூடியைத் திருகி முறுக்கிய ஒவ்வொன்றையும் வெட்டவெளியில் வைத்து, அது சாட்டிலைட்டைப் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். 'வானம் காட்டுறது' என்பார்கள். அன்றாடம் வானம் பார்த்த கருவி வைத்ததும் பிடித்துக்கொள்ளும். பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்தது நெடுநேரம் திணறும்.

"வத்தல் காயப்போட்டா காக்காவாச்சும் வரும். இதுக்கு அதுகூட வர்ல," என்றாள் இருதயமேரி.

முன்பெல்லாம் கால் வைக்க இடமிருக்காது. இப்போது ஒரு மூலைக்குத்தான் சரக்கு. மரக்காணத்துப் படகுக்காரர்கள்கூட வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் போனிலேயே வந்துவிட்டது. திண்டிவனத்துக்கு வெளியே இருந்த அந்த ஷெட்டுக்குள் போன் கொண்டுவரக் கூடாது. வாசலில் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

முதலாளி ஆனந்தராஜ் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"வெனிலா, நாளைக்கு என்கூட விழுப்புரம் வா. சர்வே காண்ட்ராக்டர் சின்னதுரை மிஷினை நேர்ல ஓட்டிக் காட்டச் சொல்றார். நீ சாயங்கால கிளாஸ்ல இங்கிலீஷ் படிக்கிற பொண்ணு, நல்லா பேசுவ."

"போன் இருக்கும்போது இத வாங்குவாங்களா சார்?"

"போன் மழையில நனைஞ்சா போச்சு. காட்டுல சார்ஜ் நிக்குமா? அங்கெல்லாம் இதான்." குரலில் பழைய உறுதி இல்லை. "இந்த ஆர்டர் வந்தா ஒரு வருஷம் ஓட்டிடலாம். இல்லாங்காட்டி பொங்கலோட மூட வேண்டியதுதான்."

அவர் இறங்கிப் போனதும் இருதயமேரி கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். அவள் கணவன் கூட்டேரிப்பட்டில் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்தான்.

மறுநாள் இருதயமேரி இருட்டு பிரியும்போதே வந்து, ஒரு கருவிக்கு வானம் காட்டி, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். ஒருமுறை கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே விழுந்த கருவி அது. ஓரத்தில் நீளமாக ஒரு கீறல், பித்தான்களில் எழுத்து தேய்ந்திருந்தது.

"இத எடுத்துக்கினு போடி. வெச்ச ஒடனே புடிக்கும்."

"சரிக்கா."

வெனிலா இஸ்திரி போட்ட சுடிதாரில் வந்திருந்தாள். முதலாளியின் ஜீப்பில் பெரிய மனிதர்கள் நடுவே அந்தக் கீறலை எப்படி நீட்டுவது? குடோனுக்குள் போய்ப் புதிய பெட்டியைப் பிரித்துப் பளபளவென்று ஒன்றை எடுத்துக்கொண்டாள். கைக்குட்டைப் பொட்டலம் அவளுடைய மேஜை டிராயருக்குள் போயிற்று. வெளியே போகிற நாளானதால் போனை வாளியில் போடவில்லை.

கெடார் பக்கம் ஒரு பாழடைந்த கிணறு. அதன் இடக்குறிப்பு எண்களைச் சின்னதுரை ஒரு தாளில் தந்தார். "நான் வாயைத் தொறக்க மாட்டேம்மா. ஒன் மிஷின் கூட்டிக்கினு போவட்டும்."

ஜீப் கிளம்பியது. திரையில் 'தேடுகிறது' என்று வந்தது. விழுப்புரம் பின்னால் போன பிறகும் அதுவே நின்றது. ஓடுகிற வண்டியில், புளியமரங்களுக்கு அடியில், அது லேசில் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனந்தராஜ் முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிச் சிரித்தார்.

துப்பட்டாவுக்குள் போனை எடுத்து எண்களை அதில் போட்டாள்.

"லெஃப்ட்ல சார்... அந்த மல்லாட்டைக் காட்டை ஒட்டி."

வேர்க்கடலைக் கொல்லையின் ஓரத்தில் கிணறு வந்தது. சின்னதுரை இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, பதினாறு தரம் வழி கேக்கற எடம் இது," என்று அவள் கையிலிருந்து கருவியை வாங்கினார். திரையைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"இன்னும் தேடிக்கினு இருக்குதேம்மா. அப்ப எதப் பாத்து வழி சொன்ன?"

துப்பட்டாவுக்குள் போன் வெளிச்சம் தெரிந்தது. அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஆனந்தராஜு, ஒங்க கம்பெனிப் பொண்ணே போனைத்தானே பாக்குது? போன் என்கிட்டயே இருக்குதுய்யா."

திரும்பும் வழியில், அவள் மடியில், கருவி 'பிப்' என்றது. பிடித்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னதுரையை விழுப்புரத்தில் இறக்கிவிட்டு, திண்டிவனம் நெருங்கும்போது ஆனந்தராஜ் சொன்னார்: "விடு. நடந்தத யார்கிட்டயும் சொல்லாத. இனிமே போன்தான். பஸ் ஸ்டாண்டுகிட்ட நானே போன் கடை போடலாம்னு இருக்கேன். ஒனக்குத்தான் போன் நல்லா வருதே, நீ வந்துடு."

"மத்தவங்க சார்?"

அவர் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார். அவள் மறுபடி கேட்கவில்லை.

ஷெட் வாசலிலேயே இருதயமேரி நின்றிருந்தாள். "இன்னாடி ஆச்சு?"

"மிஷின் புடிக்கலக்கா."

"எது? நான் குடுத்ததா?"

உள்ளே மற்ற பெண்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், "ஆமாக்கா" என்றாள்.

பொங்கலுக்கு முன் ஷெட் மூடப்பட்டது. அதற்குள்ளாகவே, பெண்களை ஊர் ஊராக ஏற்றி இறக்கும் கம்பெனி வேனில் பேச்சு மாறியிருந்தது.

"வானம் காட்டத் தெரியாதவள்லாம் எதுக்கு விடிகாலையில வந்து பெருமை பண்ணிக்கணும்?" என்பாள் கூட வேலை செய்யும் வீரம்மாள், யாரிடமும் சொல்லாததுபோல. இருதயமேரியின் பக்கத்து சீட்டில் இப்போது யாரும் உட்காருவதில்லை.

கடைசி நாள் முதலாளி ஆளுக்கொரு கருவி ஞாபகமாகக் கொடுத்தார். இருதயமேரி புதியதை வேண்டாமென்று சொல்லி, வெனிலா மறுநாளே மாடிச் சரக்கோடு சேர்த்துவிட்டிருந்த, கீறல் விழுந்த கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேனில் ஜன்னலோரம் வைத்ததுமே அது பிடித்துக்கொண்டது.

"பாருடி வெனிலா. இன்னிக்கு ஜல்தியா புடிக்குது. அன்னிக்கு மேகம் போல, நாந்தான் சரியா பாக்கல." குரல் தாழ்ந்தது. "எம்மேல வருத்தம் வெச்சிக்காத. பெரிய மனுஷங்க எதுர்ல ஒனக்குத்தானே அசிங்கம்."

வெனிலா டிரைவர் பக்கத்துச் சீட்டில், போன் கடைப் பெயர் அச்சடித்த புதுச் சட்டையின் கவரை மடியில் வைத்திருந்தாள். "அக்கா..." என்றாள். கவர் சரசரத்தது.

கூட்டேரிப்பட்டு வந்தது. இருதயமேரி எழுந்தாள். வழியில் இருந்தவர்கள் ஒருத்தியும் முழங்காலை மடக்கவில்லை. இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கியவள், முன் ஜன்னலுக்கு வந்தாள்.

"சார் கடையில பெருக்கித் தொடைக்க ஆள் வேணும்னா ஒரு வார்த்த சொல்லுடி."

வேன் நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். லாரிகள் கடந்து போகும்வரை ரோட்டோரம் காத்திருந்தாள். ஒரு கையில் சோற்று டப்பா. இன்னொரு கையில் கருவியை, மாடியில் பிடிப்பதுபோலவே, வானத்தைப் பார்த்து மல்லாத்திப் பிடித்திருந்தாள்.