நாலு நாள் வெள்ளரிக்காய்

கொளுத்துகிற வெயிலிலும் கோட்டுப் போடுவான் எங்கள் பெரியப்பா மகன். அதனால் பெயரும் கோட்டு. இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாயைத் திறந்தால் பாலிசி, மூடினால் புண்ணியம்.

அக்கா வேலை பார்த்த தையல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதோடு அவர்கள் போட்டிருந்த மருத்துவக் காப்பீடும் போயிற்று. அவளுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. சிறுநீரகமும் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோட்டுவைக் கூப்பிட்டோம். வேறு யார் இருக்கிறார்கள்?

"நல்லா இருக்கிறவங்களுக்கு ஒரு ரேட்டு, இவளுக்கு மூணு மடங்கு. ரிஸ்க்கும்மா. உன் கூரியர் கடையில கனமான பார்சலுக்குக் கூடுதலாத்தானே காசு வாங்குறீங்க?"

எங்கள் கடையில் பார்சல் தன் கூலியைத் தானே கட்டுவதில்லை. அதைச் சொன்னால் இவன் மண்டையில் ஏறவா போகிறது? மூணு மடங்கு பிரீமியத்துக்கு என் இரண்டு மாதச் சம்பளம் போதாது. நோயில்லாதவனுக்கு மலிவு, நோயாளிக்குத் தங்க விலை. இதற்குப் பெயர் மருத்துவக் காப்பீடாம், தூ.

கோட்டு குரலைத் தணித்தான்.

"ஒரு வழி இருக்கு. பிரீமியம் முடிவு பண்ண கம்பெனியிலேருந்து ரத்தம் எடுக்க வருவாங்க. அதுக்கு முன்னாடி நாலு நாள் வெறும் வெள்ளரிக்காய். சர்க்கரை மாத்திரைய ரெண்டு ரெண்டா போடு. சர்க்கரை தானா இறங்கிடும், பிரீமியமும் இறங்கிடும்."

அந்த மேதை சொன்னதை நம்பி வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தவள் நான்தான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் காலையில் லேப் பெண் வந்தாள். ரத்தத்தை எடுத்துக் குழாயில் பெயர் எழுதிக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் இப்படி வேர்க்குது? சாப்பிடலையா?"

"நாலு நாளா பட்டினி. டெஸ்ட்டுக்காக," என்றாள் அக்கா, பெருமையாக.

"ஐயோ, இது மூணு மாசச் சராசரி பாக்குற டெஸ்ட்டு, அக்கா. நாலு நாள்ல ஒண்ணும் மாறாது."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாற்காலியோடு சாய்ந்தாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காவது நிற்கும். இவன் புத்திசாலித்தனம் ஐந்தாம் நாளே ஆம்புலன்ஸ் ஏறிவிட்டது.

மறுநாள் கோட்டு வார்டுக்கு வந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கையில் சர்க்கரை நோயாளிக்கு மாம்பழச் சாறு.

"இப்ப ஆஸ்பத்திரியில சேர்ந்தது பதிவாயிடுச்சு. படிவத்துல மறைக்க முடியாது. பிரீமியம் ஏறும். இல்லேன்னா, ஆளே வேண்டாம்னு சொல்லிடுவாங்க. நான் என்ன பண்றது?"

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்ணா. பண்ணின வரைக்கும் போதும். கோட்ட எடுத்துக்கிட்டுக் கிளம்பு," என்றேன்.

அவன் போனதும் அக்கா கண் திறந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள்.

"நான் விழுந்தப்ப சர்க்கரை எவ்வளவு இருந்துச்சாம்?"

"முப்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா நீ செத்திருப்பே."

அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"முப்பத்தெட்டுன்னா ரொம்பக் கம்மிதானே? அந்த டெஸ்ட் சீட்ட இன்சூரன்ஸ்காரங்ககிட்ட காட்டிப் பாரேன்."