கூண்டுக்குள் இருந்த பிளேயர்

ஸ்டுடியோவில் சமர்த்தாக ஓடிய டிவிடி, மருத்துவமனை அறையில் ஓட மறுத்தது. ஒரு கீறல்கூட இல்லை. கத்திரி துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். சுவரில் கம்பிக் கூண்டுக்குள் பூட்டியிருந்த பழைய பிளேயர் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு ‘தட்டு இல்லை’ என்று திரையில் எழுதிக் காட்டியது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிடவே இல்லை என்கிற பிள்ளையை என்ன செய்வது?

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவள் தொழில். கத்திரி என்ற பெயர் தொழிலால் வந்ததா, வாயால் வந்ததா என்ற வழக்கு குடும்பத்தில் இன்னும் தீரவில்லை. கட்டிலில் படுத்திருந்தவர் அவளுடைய அண்ணன். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. ஆரம்ப வாரங்களில் தினமும் பழகினால் பேச்சு திரும்ப வழியுண்டு, விட்டால் கஷ்டம் என்று பேச்சுப் பயிற்சி தரும் அம்மா சொல்லியிருந்தார். அவரால் தினமும் வர முடியாது. அதனால் அந்த அம்மாவின் உதட்டசைவைப் படம் பிடித்து டிவியில் காட்டுவதென்று ஏற்பாடு. கைபேசியின் சின்னத் திரையில் அண்ணனின் பார்வை நிற்கவில்லை. டிவியில் வேறு எதையும் செருக நிர்வாகம் விடாது. கூண்டுப் பெட்டியே கதி.

அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “ஊர்ல எல்லாரு கல்யாணத்தையும் தட்டுல போட்டுக் குடுக்குற. உங்கண்ணன் வாயத் திறக்க ஒண்ணு போட முடியலையா?”

“பிளேயர் கிழடு அண்ணி. சொன்னா கேக்க மாட்டேங்குது.”

“அப்ப அதுவும் உங்க குடும்பம்தான்.”

அண்ணன் ஒரு பக்க வாயால் சிரித்தார். அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

வெறும் கோப்பாக எழுதினால் பழைய பிளேயருக்குப் புரியாது, டிவிடி வீடியோவாகத்தான் எழுத வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? அப்படித்தான் எழுதியிருந்தாள். அப்படியானால் கோளாறு தட்டின் வகையில் இருக்க வேண்டும். கையில் இருந்தது ப்ளஸ் R. அதற்கு முன்பே சந்தைக்கு வந்த வகை மைனஸ் R. பார்க்க இரண்டும் ஒரே அச்சு. ஆனால் சுழலும் தட்டில் தன் இடத்தைக் கண்டுகொள்ள லேசருக்கு வைத்திருக்கும் அடையாளங்கள் வேறு வேறு. பழைய பிளேயர்களில் சில ப்ளஸ்ஸைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அடுத்து RW தட்டில் எழுதினாள். பயிற்சி மாறும்போது அழித்துவிட்டு அதிலேயே எழுதலாம் என்ற சிக்கனம். ஆனால் RW-வில் பட்டுத் திரும்பும் ஒளி குறைவு. மங்கிய லேசர் கண்ணுக்கு அது ரசம் போன கண்ணாடி. மறுபடியும் ‘தட்டு இல்லை’. அலைந்து திரிந்து மைனஸ் R வாங்கி, வேகத்தைக் குறைத்து எழுதிக் கொண்டுபோனாள். அதற்கும் அதே பதில். கூண்டைப் பிடித்து உலுக்கப்போனவளை நர்ஸ் வந்து தடுத்தார்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பினால், கல்யாணப் பெண்ணின் மாமா பழைய தட்டோடு காத்திருந்தார். விட்டுப்போன படங்களையும் அதிலேயே சேர்க்க வேண்டுமாம்.

“சேத்துடலாம் மாமா. தட்ட மூடாமத்தான் வச்சிருக்கேன்” என்றவள், சொன்ன வாயை அப்படியே நிறுத்தினாள்.

எழுதி முடித்த தட்டை மூட வேண்டும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தட்டிலேயே எழுதிப் பூட்டும் வேலை அது. பூட்டிவிட்டால் பிறகு எதையும் சேர்க்க முடியாது. வாடிக்கையாளர்கள் எப்படியும் எதையாவது தூக்கிக்கொண்டு திரும்பி வருவார்கள் என்று, மூடும் கட்டளையை அவள் எப்போதோ கணினியில் நிறுத்திவைத்திருந்தாள். புதிய பிளேயர்கள் கண்டும் காணாமல் ஓட்டிவிடும். பழையதோ, முடிவு தெரியாத தட்டைத் தட்டாகவே மதிக்காது. மைனஸ் R சரியான தட்டுதான். கெடுத்தது அவள் பழக்கம்.

மாமாவை உட்கார வைத்துவிட்டு, புதிய தட்டில் எழுதி, மூடி, எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பிளேயர் முனகியது. அதன்பின் திரை நிறைய உதடுகள் தெரிந்தன. மூடின, மெல்லத் திறந்தன. அண்ணன் இமைக்காமல் பார்த்தார். அவர் உதடுகளும் கோணலாக ஒட்டின. “ம்...” என்று தொடங்கி, இழுத்துப் பிடித்து, “மா” என்றார்.

அண்ணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, அடுத்த பயிற்சியைத் தன் தம்பியே தட்டில் எழுதிக் கொண்டுவருவான், என்ன செய்யணும் என்று கேட்டாள்.

“மைனஸ் R தட்டு வாங்கச் சொல்லுங்க” என்றாள் கத்திரி. “டிவிடி வீடியோவா, வேகத்தக் குறைச்சு எழுதணும். முடிஞ்சதும் தட்ட மூடணும்.”