ஃபெயில் போடுங்க

இன்பம் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தது சண்டை போடத்தான். ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற மெஷின் முன்னால் உட்கார்ந்து வாரம் பூராவும் சேர்த்துவைத்த வார்த்தைகள் நாக்கு நுனியில் நின்றன. பள்ளிக்கூட வராந்தாவில் மற்ற அம்மாக்கள், ஆறாவதுக்குப் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்பம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பக்கத்தில் அவள் மகள் அக்சா, டீச்சர் பாக்யலட்சுமியின் ஒன்றரை வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இவர்கள் படியேறியதுமே அவன் தாவி வந்து ஒட்டிக்கொண்டான்.

"கீழ எறக்குடீ அத்த."

"அழுவாம்மா."

வருஷம் முழுக்க அக்சா அவனைத் தூக்கித் திரிந்தது இன்பத்துக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து பெருமைப்பட்டாள், அதுதான் வயிற்றெரிச்சல். "அத்தினி புள்ளைங்க இருக்குதுங்க, டீச்சரு எம் பொண்ண நம்பித்தான் கொழந்தய குடுக்கறாங்க" என்று கம்பெனி வேனில் ஒருத்தர் விடாமல் சொன்னாள்.

ஈஸ்டர் ஆராதனையில்தான் எல்லாம் வெளிச்சமானது. போதகரின் மனைவி ஐயரம்மா அக்சாவை வசனம் வாசிக்கக் கூப்பிட்டார். புதுக் கவுனோடு போய் நின்ற பெண் பைபிளையே பார்த்தாள், பார்த்தாள், கடைசியில் அழுதுவிட்டாள். நாலாவதில் எழுத்துக்கூட்டியாவது வாசித்த பிள்ளை! வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால், கணக்குப் புத்தகம் கடையில் வாங்கினதுபோல மடங்காமல் கிடந்தது. அதட்டிக் கேட்டதில் சொன்னாள். தமிழ் நடக்கும்போது அவனுக்கு வராந்தாவில் வேடிக்கை காட்ட வேண்டும். இங்கிலீஷில் அவன் ஜட்டியை அலச வேண்டும். கணக்கில் தூங்கவைக்க வேண்டும். அறிவியலில் ஈ ஓட்ட வேண்டும். சமூக அறிவியல் தொடங்குவதற்குள் முழித்துக்கொள்வான்.

"இன்பம், வாங்க." டீச்சர் சிரித்த முகமாக மார்க் கார்டை நீட்டினாள். "அக்சா எல்லாப் பாடத்துலயும் ஏ கிரேடு."

இன்பம் அதை வாங்கவில்லை. "டீச்சர், இதுல ஃபெயில் போட்டுக் குடுங்க."

"இன்னாது?"

"அஞ்சு பாடத்துலயும் ஃபெயில் போடுங்க. இவ திரும்ப அஞ்சாவதே படிக்கட்டும். நீங்களே ஒக்கார வச்சி சொல்லிக் குடுங்க."

சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் சுந்தரமூர்த்தி அறையிலிருந்து வந்தார். "ஏம்மா, எட்டாவது வரைக்கும் ஃபெயிலே கெடையாதும்மா. டி.சி. எல்லாம் ரெடியா இருக்குது. பொண்ணு பாஸாயிட்டான்னு சந்தோசமா போவியா, அத்த வுட்டுட்டு..."

"இன்னா படிச்சி பாஸானா சார்?" மேஜையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினாள் இன்பம். அவளே எட்டாவதுதான். விரலை வைத்து வாசித்தாள். "வளிமண்டலம்னா இன்னாடீ?"

அக்சா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பின்னம்னா?"

இடுப்பிலிருந்து நழுவிய பையனை அக்சா ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"சரி. இந்தக் கொழந்தைக்கி ஜொரம் வந்தா மருந்து எவ்ளோ?"

"அரை மூடிம்மா. சாப்ட்டப்புறம்தான் குடுக்கணும்."

"எப்டிப் போட்டா தூங்குவான்?"

"எடது தோள்லம்மா. முதுக கீழேருந்து மேல தடவணும்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அவளும் நிறுத்திக்கொண்டாள்.

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. "நான் இன்னா பண்ணட்டும் இன்பம்? மாமியார் பாத்துக்க மாட்டேன்னுட்டாங்க. லீவு போட்டா வேலையே போய்டும். வேணும்னா இந்த மே மாசம் நானே வூட்டுக்கு வந்து சொல்லித் தர்றேன்."

அந்த அழுகை இன்பத்துக்கு இனித்தது. ஆனால் போதவில்லை.

"நானுந்தான்டீ புள்ளைய வுட்டுட்டு வேன் ஏர்றேன். நான் இன்னா, உன் வூட்டுப் புள்ளையவா காவலுக்குக் கேட்டேன்? கேக்க நாதியில்லாதவன்னுதான எம் பொண்ணு மேல கைய வச்ச? நல்லாருப்பியா நீ? உம் புள்ளையும் ஒரு எழுத்து தெரியாம சபை நடுவுல நின்னு அழணும். நீ அத்த உன் கண்ணால பாக்கணும். அப்பத்தான் என் வயிறு ஆறும்!"

அக்சா பையனின் தலையைத் தன் தோளில் அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் பொத்தினாள்.

"குடு அக்சா" என்று டீச்சர் கையை நீட்டினாள். அவன் போகவில்லை. அக்சாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு காலால் உதைத்தான். இன்பமே அவன் விரல்களைப் பிரித்தெடுத்து டீச்சர் கையில் திணித்தாள்.

"அழட்டும். பெத்தவகிட்டயே அழட்டும். எப்டி இருக்குதுன்னு அவளும் பாக்கட்டும்."

ஹெட்மாஸ்டர் நீட்டிய கார்டையும் டி.சி.யையும் வாங்கிக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் அவன் "அக்கா, அக்கா" என்று கத்திய கத்தலில் வராந்தாவே அதிர்ந்தது. இன்பத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது. ரோட்டுக்கு வந்த பிறகுதான் அக்சா தேம்பித் தேம்பி அழுவதைக் கவனித்தாள்.

"இப்ப அழுது இன்னாடீ பண்றது? ஒரு வருசப் படிப்பு போச்சேன்னா அழுவுற?"

அக்சா இல்லையென்று தலையாட்டினாள்.

"ரெண்டாவது மணி அடிச்சதும் அவனுக்குப் பால் ஆத்திக் குடுக்கணும்மா. சக்கரை போட்டா துப்பிடுவான். டீச்சருக்கு அது தெரியாதும்மா."