தாழ்ப்பாள் பாக்கி

என் கொழுந்தன் இந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டுமானப் பிரிவுக்கு இன்ஜினீயராக வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என் ஆவண அறைமேல் கண் வைத்துவிட்டான். வீட்டில் என் கையால் சாப்பிடுகிறவன் ஆபீசில் என் வயிற்றிலேயே அடித்தால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் என் அறைக் கதவில் ஒரு சுற்றறிக்கையை ஒட்டினான். கட்டிட வேலை முடிந்ததென்று சான்றிதழில் கையெழுத்தான தேதியிலிருந்து பத்து வருடம் அதன் காகிதங்களை வைத்திருக்க வேண்டும். பிறகு கிழித்துப் போடலாம். விதி பழையதுதான். கீழே அவன் கையெழுத்துதான் புதிது, பாதிப் பக்கத்துக்கு.

"அண்ணி, இந்த ரூம்ல இருக்கறது எல்லாம் இந்த ஒரு கட்டிடத்தோட பேப்பர்தானே? கட்டிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. கிழிச்சுட்டா ரூம் காலி. எனக்கு மீட்டிங் ரூம் இல்ல."

"அப்ப நான்?"

"கீழ விடைத்தாள் கட்டெல்லாம் இருக்கே, அங்க ஒரு மேஜை போட்டுத் தரேன்."

அந்த நிலவறைக்கு ஜன்னலே கிடையாது. போன தடவை அங்கே போய் எனக்கு மூச்சுத் திணறி, இரண்டு பேர் கைத்தாங்கலாக மேலே கொண்டுவந்தார்கள். தினமும் அங்கே உட்கார்ந்தால் நான் உயிரோடு பென்ஷன் வாங்குவேனா என்று பயம்தான். அதை இவனிடம் காட்டுவேனா?

"தாராளமா கிழிங்க சார்," என்றேன். கோபம் வந்தால்தான் அவன் எனக்குச் சார். "ஆனா இந்தக் கட்டிடம் இன்னும் முடியலையே."

"என்னது?"

முடியவில்லைதான். என் அறையை ஒட்டிய கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. கழிப்பறைச் சாமான் எல்லாம் பிளம்பர் வேலை என்றார் தச்சர். கதவுச் சாமான் தச்சர் வேலை என்றார் பிளம்பர். இருவரும் முறைத்துக்கொண்டு போனவர்கள்தான், திரும்பவே இல்லை. ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, ஆட்களும் உள்ளே வந்தாயிற்று. சான்றிதழில் மட்டும் கையெழுத்து விழவில்லை. அன்றிலிருந்து உள்ளே போகிறவர்கள் வெளியே கேட்கும்படி பாட்டுப் பாடுவது வழக்கம். நான் பாடினால் அந்த மாடிக்கே யாரும் வரமாட்டார்கள்.

"போயும் போயும் ஒரு தாழ்ப்பாளுக்கா?" கொழுந்தன் சிரித்தான். "இப்பவே முடிச்சுக் காட்டறேன் பாருங்க."

கடைக்கு அவனே போனான். சட்டைக் கையை மடித்துவிட்டு அவனே திருகினான். நான் டார்ச் பிடித்தேன், "இன்னும் கொஞ்சம் மேல தம்பி" என்று வழியும் சொன்னேன். வேலை முடிந்ததும் சான்றிதழைக் கேட்டு வாங்கி, பேனாவைத் திறந்தான்.

"நீங்க ஒட்டின சுற்றறிக்கையை ஒருவாட்டி படிச்சுடுங்களேன்," என்றேன். நியாயமாகத்தானே சொன்னேன்?

"படிக்காமலா ஒட்டினேன்? ரிப்பன் வெட்டின தேதியே போட்டுடவா?"

"அந்தத் தேதியில நீங்க எங்க இருந்தீங்க? பரீட்சையில கோட்டை விட்டுட்டு, அண்ணனுக்குப் பயந்து மொட்டை மாடியில ஒளிஞ்சிருந்தீங்க. நான்தானே சாப்பாடு கொண்டுவந்து குடுத்தேன்?"

அசடு வழிய அன்றைய தேதியையே போட்டான். கையெழுத்து, அதன்மேல் முத்திரை. அதை வாங்கிக் கோப்பில் பத்திரமாக வைத்துவிட்டு, அவனைக் கதவருகே கூட்டிப்போய், சுற்றறிக்கையில் 'கையெழுத்தான தேதியிலிருந்து' என்ற வரிமேல் விரலை வைத்தேன். ஒருமுறை படித்தான். மறுபடியும் படித்தான்.

"அண்ணி... பத்து வருஷம் இன்னிக்கிலேருந்தா?"

"ஆமா தம்பி. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான்."

பாவம், என் நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்து என் தண்ணீர் பாட்டில் முழுவதையும் குடித்துத் தீர்த்தான். சற்று நேரத்தில் நெளிய ஆரம்பித்தான். நான் முந்திக்கொண்டு கழிப்பறைக்குள் போனேன். புதுத் தாழ்ப்பாளைத் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தியது. பதினைந்து வருடத்தில் முதல்முறையாகப் பாடாமல் உட்கார்ந்தேன். அப்பாடா, என்ன நிம்மதி!

கதவைத் தட்டினான். "உள்ள ஆள் இருக்கா?"

"இருக்கேன் தம்பி. இன்னும் பத்து வருஷம் இருப்பேன்."