தலை குனிந்த அப்பா

எங்கள் கருப்பட்டிக் கடைக்கு உமாராணி டீச்சர் வந்தார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதில் அவருக்குக் கோபம்.

"கல்லாவுக்கு ஆள் இல்லன்னு பொம்பளப் பிள்ளை படிப்ப நிறுத்திட்டியளே அண்ணாச்சி, நல்லாவா இருக்கு?"

கருப்பட்டி வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைக்கு வந்தவரிடம் அப்பா எதிர்த்துப் பேசுவதில்லை. "தப்புதான் டீச்சர்" என்று தலை குனிந்து கருப்பட்டியை எடை போட்டார்.

வகுப்பில் எழுந்து பேசப் பயந்து படிப்பை விட்டவள் நான். திரும்பப் போகச் சொல்லிக் கெஞ்சுபவர் அப்பா. என் பழியை அவர் சுமப்பது எனக்குத் தாங்கவில்லை.

டீச்சர் படியிறங்கியதும் கத்திவிட்டேன். "அப்பாவ ஏசாதிய டீச்சர்! நாந்தான் போமாட்டேன்னேன். எந்திரிச்சுப் பேசச் சொன்னா கை காலெல்லாம் நடுங்குது."

"இப்ப தெருவே கேக்கப் பேசுதியே, ஏளா!" என்றார் டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவை நிமிர்ந்து பார்க்க மட்டும் என்னால் முடியவில்லை.